உங்கள் அண்ணனுக்கும் சொல்லமாட்டோம்

போன கிழமை துஷி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபின் என்னுடைய கதிரையில் இருக்கிற பிள்ளை அவள். கெட்டிக்காரி, ஆனால் பயந்த சுபாவம்.

"மிஸ், கொழும்பிலயிருந்து லோயர் கதைச்சவர். எங்கட வெப்சைட்டைத் திறந்த உடன குக்கீக்குச் சம்மதமோ எண்டு கேட்டு ஒரு பெட்டி வருமெல்லோ, அதில ஒரு வசனம் கிடக்கு. 'உங்கள் விவரங்களை எங்கள் கூட்டாளிகளுக்கும் சொல்லமாட்டோம், உங்கள் அண்ணனுக்கும் சொல்லமாட்டோம்.' புதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில அண்ணன் எண்டு ஒரு ஆளே இல்லையாம். எடுக்கச் சொல்லுறார். ஆர் மிஸ் இதை எழுதினது?"

"நான்தான்."

"எடுக்கட்டோ?"

"எடுத்தியெண்டால் படியேறி வந்து உன்ர கையை முறிப்பன்."

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. லோயருக்கு விளங்கப்படுத்த ஏதாவது ஒரு காரணம் தாருங்கள் என்று கெஞ்சினாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலைக்காலம் முழுவதும் ஒரு கலியாண சேவை நிலையத்தில் கழிந்தது. நிலையத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். திருகோணமலையில் ஒரு வீதி, கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள். இதற்கு மேல் சொன்னால் நானும் எங்கள் ஐயா மாதிரி ஆகிவிடுவேன். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

உயர்தரம் எழுதி, தட்டெழுத்துப் படித்து, வேறு வேலை கிடைக்காமல்தான் அங்கே போனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே கண்ட முகத்தை வெளியே கண்டால் தெரியாத மாதிரிப் போகவேண்டும், அவ்வளவுதான். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் முன் வாங்கிலும் பின் வாங்கிலும் எங்கள் வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். நான் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருவரையும் திரும்பிப் பார்க்காத தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

முறைகள் கடுமையானவை. பொம்பிளை வீட்டார் முன்படியால் வரவேண்டும், மாப்பிள்ளை வீட்டார் மருந்துக்கடைக் களஞ்சியத்தோடு ஒட்டின பின்படியால் வரவேண்டும். நாங்கள் சொல்லாமல் இரண்டு பகுதியும் ஒருவரையொருவர் காணக் கூடாது. புகைப்படம் மண்ணிறக் கடித உறைக்குள் இருக்கும். அலுமாரித் திறப்பு என் இடுப்பில் இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியம் தொலைபேசி. வீட்டில் யார் எடுப்பார்கள் என்று தெரியாதே! ஆகவே பெண்களுக்கு வரன் வந்தால் "பிளவுஸ் தைச்சாச்சு" என்போம். ஆண்களுக்கு வந்தால் "மருந்து வந்திருக்கு" என்போம். கைத்தொலைபேசி வந்தபிறகும் அதே வசனங்களைத்தான் மெசேஜில் அனுப்பினேன். எங்கள் எண்ணைப் பெண்கள் 'தையல்' என்றும், ஆண்கள் 'மருந்துக்கடை' என்றும் பதிந்து வைக்கவேண்டும் என்பது விதி. சில தாய்மார் குழம்பிப்போய்க் கீழே கடையில் நின்று மருந்து கேட்பார்கள். கடைக்கார ஹாஜியார் கிண்ணியாக்காரர், நல்ல மனிதர். கண்ணைக்கூட நிமிர்த்தாமல் "அந்த மருந்து மேல் மாடியில" என்பார்.

இனி ஐயா. எங்கள் முதலாளி. தங்கமான மனம், ஆனால் கடவுள் அவருக்கு மெல்லக் கதைக்கிற வரத்தைக் கொடுக்கவில்லை. இளமையில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவர். எந்தத் தொலைபேசி அழைப்பையும் "ஹலோ, ஹலோ, கேக்குதோ?" என்றுதான் தொடங்குவார். ஊருக்கு வெளியே சீனன்குடாவில் இருக்கிறவருக்கும் தொலைபேசியே தேவைப்படாது, அப்படிக் குரல். யாராவது வந்து ரகசியமாக ஒரு விஷயம் என்றால், எழுந்துபோய் யன்னலைச் சாத்துவார். கொளுக்கியை இழுத்துப் பார்ப்பார். பிறகு வந்து உட்கார்ந்து, "சொல்லுங்கோ, இனி இது எங்களுக்குள்ள" என்று கண்ணாடி அதிரச் சொல்வார்.

பின்னேரம் யன்னல் திறக்கும். ஐயா வீதிக்கு எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்குப் போவார். அங்கே அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். அவருக்கென்று ஒரு தர்மம் இருந்தது: பெயர் சொல்லமாட்டார். "ஆளின்ர பேர் சொல்லமாட்டன். உவர்மலையடியில, கிணத்துக்கு முன்வீடு, நீலக் கேற், தகப்பன் தபால் கந்தோரில இருந்தவர், மூத்தவள்" என்பார். பிறகு "பேர் மட்டும் கேக்காதையுங்கோ" என்று கையை விரிப்பார். நான் சண்டை பிடித்தால், "பிலோமினா, நான் பேர் சொன்னனானோ? நெஞ்சில கை வைச்சுச் சொல்லு" என்பார். என்ன செய்ய, சொல்லவில்லைத்தான்.

இப்படியிருக்க, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக வெப்சைட் ஒன்று வேண்டும் என்று ஐயாவின் மருமகன் சொல்லிச் சென்னையில் ஒரு கம்பனியிடம் செய்வித்தார்கள். லண்டனிலும் ஜேர்மனியிலும் இருந்து ஆட்கள் பார்ப்பதானால் சம்மதம் கேட்கிற பெட்டி வைத்தே ஆகவேண்டுமாம், அந்த ஊர்ச் சட்டம் அப்படியாம். குக்கீ என்றால் வந்துபோன ஆளை அடையாளம் வைத்திருக்கிற சின்னக் குறிப்பு என்று சென்னைப் பெடியன் விளங்கப்படுத்தினான். பெட்டியில் இருந்தது இது: "இத்தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது. உங்கள் விவரங்களை எங்கள் நம்பிக்கைக்குரிய கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'எல்லாவற்றுக்கும் சம்மதம்'. மற்றது 'மறுக்கிறேன்'.

அந்தப் பெடியனுடைய ஊரில் கூட்டாளி என்றால் வியாபாரத்தில் பங்குக்காரன். எங்கள் ஊரில் கூட்டாளி என்றால் தோளில் கைபோட்டுத் தேத்தண்ணி குடிக்கிற சிநேகிதன். மாற்றச் சொல்லி ஐயாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சென்னையில இருக்கிறவனுக்கு என்ர கூட்டாளிமாரை எப்பிடித் தெரியும்?"

"ஐயா, அது அவங்களைச் சொல்லேல்லை."

"நம்பிக்கைக்குரிய எண்டும் போட்டிருக்கிறான் பார். உண்மைதானே. இருக்கட்டும் பிலோமினா."

இருந்தது. அதன் பலனை முதலில் அனுபவித்தவர் மகனுக்குப் பொம்பிளை தேடிக் கட்டைபறிச்சானில் இருந்து வந்த ஒரு தகப்பன். எங்கள் தொழிலில் சம்மதம் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் என்பதைச் சென்னைக்காரனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மனுசன் மனைவியையும் மச்சாளையும் கூட்டிக்கொண்டு, ஒரு குலை கதலிப் பழமும் வெற்றிலையுமாகப் படியேறி வந்தார்.

"நாங்கள் சம்மதம் குடுத்திட்டம் மிஸ். எப்ப பொம்பிளை பார்க்க வரலாம்?"

"எந்தப் பொம்பிளை?"

"அந்தப் பச்சைச் சீலை. பெட்டிக்குப் பின்னால நிண்டு சிரிச்ச பிள்ளை."

அது சென்னைக்காரன் அழகுக்குப் போட்ட யாரோ விளம்பரப் பெண்ணின் படம்.

"ஐயோ, எதுக்கெண்டு நினைச்சுச் சம்மதம் குடுத்தனீங்கள்?"

"எல்லாவற்றுக்கும் எண்டு இருந்துது. ஒண்டுக்கு ரெண்டுக்கெண்டால் யோசிச்சிருப்பம். எல்லாத்துக்கும் எண்டு துணிஞ்சு கேக்கினம், நல்ல குடும்பமாத்தான் இருக்கும் எண்டு அமத்தினனாங்கள்."

குக்கீயை நான் விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப மகனுக்கு ஒண்டும் சரிவரேல்லை?" என்றார். பாவமாக இருந்தது. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது சரியில்லை என்று பழக்குலையை வைத்துவிட்டுப் போனார்கள். ஐயா அதைத் தூக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனார். "கட்டைபறிச்சான், பஸ் திரும்புற இடத்து வளவு, ரெண்டு உழவு மெசின், பேர் சொல்லமாட்டன்" என்று தொடங்குவது மேலே எனக்குக் கேட்டது.

பிறகு இங்கேயும் சட்டம் வரப்போகிறது என்ற கதை வந்தது. அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பாக வேண்டும் என்றதும் ஐயா என்னைப் போட்டார். என்னுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இனி அந்த டீச்சரின் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவ கணக்கு டீச்சர் இல்லை, வீடும் ஓர்ஸ் ஹில்லில் இல்லை. இதை எழுதச் சம்மதம் கேட்டபோது பாடத்தையும் இடத்தையும் அவவே மாற்றித் தந்தா. ஆகவே யாரும் கண்டுபிடிக்க வெளிக்கிடவேண்டாம், பிழையான வீட்டு வாசலில்தான் போய் நிற்பீர்கள்.

ஓர்ஸ் ஹில் கணக்கு டீச்சர், நாற்பதைத் தாண்டியவ, வெப்சைட்டில் பதிந்துவிட்டு நேரிலும் வந்தா.

"மிஸ், உங்கட பெட்டியில கூட்டாளிகளுக்குச் சொல்லுறது எண்டு கிடக்கு. நான் மறுக்கிறேனைத்தான் அமத்தினனான். ஆனாலும் வாயாலயும் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"அது விளம்பரக்காரர் டீச்சர். கம்பியூட்டர்க் கூட்டாளியள்."

"விளம்பரக்காரர் அறிஞ்சால் அறியட்டும். முன்னால தேத்தண்ணிக் கடையில இருக்கிற கூட்டாளியள் அறியக் கூடாது. அதில ஒராள் எங்கட அண்ணன்."

ஐயாவின் கூட்டாளிகளில் மிகவும் அமைதியானவர் அவர். மனைவி இறந்து சில வருடம். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்.

"அண்ணன் கூடாதவர் இல்லை மிஸ். ஆனா முந்தி வந்த கலியாணப் பேச்சுக்கால் எல்லாம் அந்தக் கடையிலதான் கதைபட்டது. ஒவ்வொண்டும் குழம்பேக்க மீன்காரன்கூட 'கவலைப்படாதையுங்கோ டீச்சர்' எண்டு ஒரு மீன் கூடப் போட்டவன். எனக்கு அந்த மீன் வேண்டாம். இந்தமுறை சரிவந்தால் நானே அண்ணனுக்குச் சொல்லுவன். என்ர வாயால. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது."

சத்தியம் பண்ணினேன். சீனன்குடாவில் இயந்திரம் திருத்துகிற ஒருவரைப் பொருத்தம் பார்த்து எங்கள் முன் அறையில் இருத்தினேன். எந்தப் பாதையால் போனால் பஸ் கெதியாகப் போகும் என்று முதல் சந்திப்பிலேயே இருவரும் சண்டை. போகும்போது அவர் படியில் நின்று திரும்பி, "டீச்சர் சொன்னதுதான் சரியோ தெரியேல்லை" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சரிவரும் என்று.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் பின்படியால் டீச்சரின் அண்ணன் ஏறி வந்தார். ஐயாவைப் பார்க்க வந்தாராக்கும் என்று நினைத்தேன். அவர் கதிரை நுனியில் உட்கார்ந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"என்னைப் பதியோணும்" என்றார். "தங்கச்சிக்குத் தெரியக் கூடாது. எனக்கு ரெண்டாங் கலியாணம் எண்டால் அவள் தன்னை வீட்டுக்குப் பாரம் எண்டு நினைப்பாள். அவளுக்கொரு வழி வந்த பிறகு நான் மெல்லமாச் சொல்லிக்கொள்ளுவன்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார்.

அண்ணனுக்கும் ஆள் பார்க்கத் தொடங்கினேன். மெசேஜ்கள் போயின. தங்கைக்குப் பிளவுஸ், அண்ணனுக்கு மருந்து. அண்ணன் ஒரு நாள் வந்து தன் விஷயத்தைக் கதைத்துவிட்டு, "இவள் தங்கச்சி தையல்காரியிட்ட மாறி மாறிப் பிளவுஸ் தைப்பிக்கிறாள் மிஸ், ஒண்டையும் போட்டுக் காணேல்லை. ஏமாத்துறாளோ தெரியாது, அந்தத் தையல்காரி" என்றார். அந்தத் தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அதன்பிறகுதான் இடி விழுந்தது. டீச்சர் வந்தா. முகம் வாடிப்போயிருந்தது.

"மிஸ், அவருக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

"ஏன் டீச்சர்? பஸ் சண்டையோ?"

"அண்ணனுக்கு ஏதோ பெரிய வருத்தம். எனக்கு ஒளிக்கிறார். மேசையில கிடந்த போனில கண்டனான், 'மருந்து வந்திருக்கு, மருந்து வந்திருக்கு' எண்டு மருந்துக்கடையால மெசேஜ். கேட்டால் ஒண்டுமில்லை எண்டு முகத்தைத் திருப்புறார். நான் உப்புக் குறைச்சுச் சமைக்கிறன், பேசாமல் சாப்பிடுறார். இந்த நிலைமையில அவரை விட்டிட்டு நான் எப்பிடிக் கலியாணம் கட்டிக்கொண்டு போறது?"

அந்த நேரம் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! அந்த மெசேஜை அனுப்பின கை மடியில் கிடந்தது. உங்கள் அண்ணன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், அவருக்குப் பொம்பிளை பார்க்கிறோம் என்று ஒரு வசனம் போதும், டீச்சரின் வாழ்க்கை நேராகிவிடும். ஆனால் அந்த வசனம் அவருடையது. அவருடைய சம்மதம் இல்லாமல் எப்படிச் சொல்வது? ஒரு கிழமை பொறுங்கள் என்று மட்டும் கெஞ்சி அனுப்பினேன்.

சட்டப்படியே போய்ப் பார்த்தேன். அண்ணனைக் கூப்பிட்டு, "நீங்கள் இங்க பதிஞ்சதைத் தங்கச்சிக்குச் சொல்லச் சம்மதமோ?" என்று கேட்டேன். "ஏலவே ஏலாது" என்றார். டீச்சரிடம், "உங்கட விஷயத்தை அண்ணனுக்குச் சொல்லச் சம்மதமோ?" என்றேன். "அவர் வருத்தக்காரன் மிஸ், இப்ப எப்பிடி? ஏலாது" என்றா. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் ஏலாது சொல்லிக்கொண்டிருக்க, சீனன்குடாக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டார். அவருடைய வீட்டார் வேறு இடம் பேசத் தொடங்கிவிட்டார்களாம்.

கோப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று ஐயா கேட்டார். முதலாளி கேட்டால் சொல்லத்தானே வேண்டும். சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். அன்று பின்னேரம் வழக்கம்போல யன்னலைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வீதிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

"ஒரு வீடு. பேர் சொல்லமாட்டன். அண்ணனும் எங்களிட்டப் பதிவு, தங்கச்சியும் எங்களிட்டப் பதிவு, ஒராளுக்கு மற்றாளைத் தெரியாது! அண்ணனுக்கு நாங்கள் பொம்பிளை வந்திருக்கு எண்டதுக்கு மருந்து வந்திருக்கு எண்டு மெசேஜ் அனுப்ப, அந்தக் கணக்கு டீச்சர் அண்ணன் சாகப்போறார் எண்டு நினைச்சு, சீனன்குடா மாப்பிள்ளையை வேண்டாமெண்டிட்டுது! பேர் மட்டும் கேக்காதையுங்கோ!"

யன்னலுக்கு ஓடினேன். கடையில் கூட்டாளிகள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே டீச்சரின் அண்ணன் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். அவர் வந்து இருந்ததைக் காணவில்லை என்று ஐயா இன்றுவரை சத்தியம் பண்ணுகிறார். நம்புவதா விடுவதா, எனக்கு இன்னும் தெரியாது. நான் படியிறங்கிப் போவதற்குள் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐயாவை நடுவீதியில் வைத்துக் கத்தின கத்தலில் ஹாஜியார் கடையை விட்டு வெளியே வந்தார். ஐயாவுக்கு அன்றைக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை, எனக்கும்தான்.

வீட்டில் நடந்ததைப் பிறகு டீச்சரே சொன்னா. அண்ணன் நேரே குசினிக்குள் வந்து நின்று, "நீ எத்தினை பிளவுஸ் தைச்சனி?" என்று கேட்டாராம். இவ அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய முகத்தைப் பார்த்து விஷயம் விளங்கி, "நீங்கள் எத்தினை மருந்து குடிச்சனீங்கள்?" என்றாவாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அழுதார்கள். "கறியில இனி உப்புப் போடு" என்று அண்ணன் சொன்னாராம்.

அடுத்த நாள் டீச்சர் எங்கள் படியேறினா. ஐயா இருந்தபடியே கையை விரித்தார்.

"பார்த்தீங்களோ பிள்ளை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே!"

"முடிஞ்சுது ஐயா. சந்தோசம்தான். சீனன்குடாவுக்கு ஓம் எண்டு சொல்லச் சொல்லத்தான் வந்தனான்." உட்காரவில்லை, நின்றபடியே கதைத்தா. "ஆனா நான் மறுக்கிறேனையெல்லோ அமத்தினனான்?"

ஐயாவின் கை கீழே வந்தது.

"அண்ணனுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு நான் யோசிச்சு வைச்சிருந்தனான். ஒரு வெள்ளிக்கிழமை சர்க்கரைப் புக்கை காய்ச்சி, அவருக்குப் பக்கத்தில இருந்து, மெல்லமாச் சொல்லுவம் எண்டு. எத்தினையோ பேச்சுக்கால் குழம்பேக்க அவருக்கு நான் அழுது காட்டியிருக்கிறன். ஒரு நல்ல செய்தியை ஒருக்கால் என்ர வாயால சொல்லோணும் எண்டு ஆசை. அதை நீங்கள் கடையில சொல்லிப்போட்டீங்கள். நீங்கள் ஒலிபெருக்கி வாடகைக்குக் குடுத்த ஆள் எண்டு எனக்குத் தெரியும் ஐயா. நான் வாடகைக்கு எடுக்கேல்லையே."

ஐயா எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார். யாரும் ரகசியம் சொல்லவில்லை, ஆனாலும் சாத்தினார். திரும்பி வந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "நான் என்ன செய்யோணும் பிள்ளை?" என்றார்.

"அந்தப் பெட்டியில இருக்கிறதை மாத்துங்கோ. நான் சொல்லுறன், மிஸ் எழுதட்டும்."

சொன்னா. எழுதினேன். சென்னைக்காரனிடம் அனுப்பியபோது, "மேடம், அண்ணன் என்பது நிச்சயமாக வேண்டுமா?" என்று கேட்டான். கட்டாயம் வேண்டும் என்றேன். அந்த வசனத்தைத்தான் இன்று லோயர் எடுக்கச் சொல்கிறார்.

டீச்சருக்கும் சீனன்குடாக்காரருக்கும் கலியாணம் நடந்தது. அண்ணனுடையது அதற்குப் பிறகு. இரண்டு மண்டபத்திலும் ஐயாவுக்கு முதல் வரிசையில் கதிரை போட்டார்கள். மைக்கை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை.

இதை எழுதி முடித்து நேற்றுத் துஷிக்குத் தொலைபேசி எடுத்து, கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். லோயருக்கு இதையே சொல்லு, வசனத்தில் கை வைக்காதே என்றேன்.

"ஆர் மிஸ் அந்த டீச்சர்?"

"சொல்ல ஏலாது."

"இந்த வசனம் ஆரால வந்தது எண்டு ஐயாட்டயும் முதலே கேட்டனான்."

"எந்தத் தெரு, என்ன கேற் எண்டு எல்லாம் சொல்லிப்போட்டாரோ?"

"இல்லை மிஸ். யன்னலைச் சாத்திப்போட்டு, 'கேட்டுச் சொல்லுறன்' எண்டவர். அண்டைக்கே அந்த வெயிலுக்க நடந்து போய் அவவிட்டயே கேட்டுக்கொண்டு வந்தவர்."

"என்னவாம்?"

"ஏலாதாம்."